கும்மிடிப்பூண்டியில் உலகச் சமையல்

உலகத்திலேயே எந்த நாட்டுச் சமையல் சிறந்தது என்று யாராவது பேச்செடுத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிவிடும். அப்படிப் பேசுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நானும் சளைக்காமல் பேசியவன்தான். ஆனால் அந்தப் பேச்சு நடந்த மேஜையும், அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தால், எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் எனக்கு வந்த கோபம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

நான் பினாங்குக்காரன். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தாலும் அதுவரை தமிழ்நாட்டைப் பார்த்ததில்லை. பினாங்கில், ஐரோப்பாவிலிருந்து பாய்லர்களை வரவழைத்துப் பொருத்திக் கொடுக்கும் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தேன். கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிய ஒரு தொழிற்சாலைக்குப் பாய்லர் பொருத்த இரண்டு எஞ்சினியர்கள் வந்தார்கள். ஒருவர் கிளாஸ் என்ற ஜெர்மன்காரர், இன்னொருவர் மார்செல் என்ற பிரெஞ்சுக்காரர். வேலைக்கும் ஆச்சு, மொழிபெயர்க்கவும் ஆச்சு என்று என்னையும் கூட அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் இருவரும் சென்னையிலிருந்து காரில் போனார்கள். காரில் இடமில்லை என்று நான் கருவிப் பெட்டியோடு பாசஞ்சர் ரயிலில் ஏறினேன். பொன்னேரி வரை ஒழுங்காக ஓடிய வண்டி கவரைப்பேட்டையில் நின்றது, நின்றதுதான். எஞ்சினில் ஏதோ கோளாறு என்றார்கள். வெயில் பெட்டிக்குள் இறங்கியது. எதிரில் இருந்த அம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்து, புளிச்சக்கீரை பிசைந்த சோற்றைப் பூவரச இலையில் வைத்து என்னிடம் நீட்டினார். ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாராம். முதல் வாயிலேயே காரம் உச்சந்தலைக்கு ஏறியது. அப்புறம் நிறுத்த முடியவில்லை.

நான் பினாங்குக்காரன் என்றதும், மலேயாவில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். அரிசி மாவில் நூல் நூலாகச் செய்து, இறால் போட்டு, பெரிய சட்டியில் வறுத்துத் தருவார்கள் என்று சொன்னேன். "சேமியாவ சொல்றியா நைனா? அது இங்க ஒடம்பு முடியாதவங்களுக்குக் குடுக்கிறது" என்றார். பெட்டியே சிரித்தது. பினாங்கின் மானத்தைக் காப்பாற்ற நான் எடுத்த முயற்சி எதுவும் அந்த அம்மாளிடம் பலிக்கவில்லை.

தொழிற்சாலைக்குள்ளேயே விருந்தினர் மாளிகை இருந்தது. புல்தரை, குரோட்டன்ஸ் செடிகள், ஏர்கண்டிஷன் போட்ட சாப்பாட்டு அறை. முதலாளியை எல்லோரும் சேர்மன் என்றார்கள். இங்கிலாந்தில் படித்தவர். டிரைவரிடமும் தோட்டக்காரரிடமும் மட்டும்தான் தமிழில் பேசுவார். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு சூப், கட்லெட், கடைசியில் கஸ்டர்டு. எனக்கு ரயிலில் சாப்பிட்ட காரம் நாக்கிலேயே நின்றது. கொஞ்சம் ரசம் கிடைக்குமா என்று கேட்டேன். சேர்மன் சிரித்துவிட்டு வெள்ளைக்காரர்கள் பக்கம் திரும்பி, எங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமையல் என்று சொல்ல முடியாது, மோசமான பண்டத்தை மசாலா போட்டு மறைக்கிற வித்தை, அவ்வளவுதான் என்றார்.

விவாதம் அங்கேதான் தொடங்கியது. அதன்பின் தினமும் அதே பேச்சுதான். சமையலுக்கு இலக்கணம் வேண்டும் என்பது மார்செலின் கட்சி. ஒரு குழம்பைச் சரியாகக் கிண்டக் கற்க எங்கள் நாட்டில் வருடக்கணக்காகும், அப்படிப்பட்ட நாட்டோடு மற்றவர்கள் போட்டி போடக்கூடாது என்பார். சேர்மன் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டுவார். நான் விடவில்லை. எங்கள் ஊரில் ஒரே தெருவில் சீனன் கடை, மலாய்க்காரி கடை, தமிழ் முஸ்லிம் கடை மூன்றும் இருக்கும், ஒருவர் கைப்பக்குவத்தை இன்னொருவர் திருடித் திருடி மூன்றுமே ருசியாகிவிட்டன, திருடத் தெரிந்த ஊரின் சமையல்தான் உலகத்தில் முதல் என்றேன். கிளாஸ் மட்டும் சண்டைக்கு வரமாட்டார். யுத்தம் முடிந்த சமயத்தில் உருளைக்கிழங்குத் தோலை வேகவைத்துத் தின்று வளர்ந்தவன் நான், சூடாக எது வந்தாலும் எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டுத் தட்டைக் காலி செய்வார்.

இந்த வாக்குவாதம் சேர்மனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பாய்லரைப் பற்றவைக்கும் வாரத்தில் ஒரு பெரிய விருந்து வைக்கப்போவதாக அறிவித்தார். சென்னை ஹோட்டலிலிருந்து ஒரு சீனச் சமையல்காரர், பிரெஞ்சுச் சமையலுக்கு ஒருவர், வடநாட்டுச் சமையலுக்கு ஒருவர் வருவார்கள். விருந்தினர்கள் ஆளுக்கொரு ஓட்டுப் போட வேண்டும். எந்தச் சமையல் உலகத்தில் சிறந்தது என்று கும்மிடிப்பூண்டி முடிவு செய்யும் என்றார். பட்டியலில் தமிழ்ச் சமையல் இல்லையே என்றேன். வீட்டில்தான் தினம் சாப்பிடுகிறோமே என்றார்.

மறுநாளிலிருந்து பாய்லர் கொட்டகையில் வேலை. அங்கே செங்கல் சுமக்கும் பெண்களில் ஒருத்தி கன்னியம்மா. நாற்பது வயதிருக்கும். பாய்லருக்குள் வைத்துக் கட்டும் நெருப்புச் செங்கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு, வாயும் ஓயாமல் நடப்பாள். இன்னா நைனா, உங்கூர்ல பொம்பளைங்க கல்லு தூக்குவாங்களா என்று முதல் நாளே கேட்டுவிட்டாள். பாய்லர் நிற்கிற இடம் அவர்களுடைய கழனியாக இருந்ததாம். நிலத்தை எடுத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். அந்த வேலைதான் இந்தச் செங்கல்.

மதியம் அவர்களோடு கேண்டீனுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. சாதம் மஞ்சளாக, கட்டி கட்டியாக இருந்தது. ஊறல் வாடை. சாம்பார் என்று ஊற்றியதில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. கன்னியம்மா சோற்றிலிருந்து எதையோ விரலால் தள்ளித் தள்ளி ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கிட்டே பார்த்தேன், வெந்த புழுக்கள். ஏன் வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்று கேட்டேன். கேட்டில் விடமாட்டார்களாம். தூக்குச்சட்டியில் பித்தளைச் சாமான் திருடிப் போகிறார்கள் என்று சொல்லி, சாப்பாட்டுப் பாத்திரம் உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். கேண்டீன் காண்டிராக்டு சேர்மனின் மைத்துனருக்கு.

"எங்க கழனில வெளஞ்சத துன்ன வாயி நைனா இது" என்றாள் கன்னியம்மா. "அதே எடத்துல குந்திக்கினு இத்த துன்றேன் பாரு."

அன்று இரவு மேஜையில் மார்செல் வெண்ணெயைப் பற்றிப் பேசினார்.  கேண்டீனில் அரிசி சரியில்லை என்று சேர்மனிடம் சொன்னேன். பார்க்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, சீனச் சமையல்காரருக்கு என்ன சாஸ் வேண்டும் என்று என்னிடமே கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் நல அதிகாரி ராகவன் என்னைத் திருவள்ளூருக்கு அழைத்துப்போனார். அவருடைய குடும்பம் அங்கே கோயில் மடப்பள்ளியில் சேவகம் செய்கிற குடும்பம். பஸ் பெரியபாளையம் தாண்டியதும் டயர் வெடித்து, நாங்கள் இருவரும் வேலிக்காத்தான் மர நிழலில் வெகுநேரம் நின்றோம். அங்கே நின்றுகொண்டு அவரும் தம் கட்சியைச் சொன்னார். வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல், மிளகையும் புளியையும் மட்டும் வைத்துக்கொண்டு மடப்பள்ளியில் செய்வதை உலகத்தில் யாரும் செய்யமுடியாதாம். அவர் வீட்டில் மந்தார இலையில் வைத்துக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டபோது எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. திரும்பும் வழியில் கேண்டீன் பேச்சை எடுத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன் சார், உன் வேலையைப் பார் என்றுவிட்டார்கள் என்றார். புளியோதரையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசியவரால் அதற்கு மேல் பேச முடியவில்லை. எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

விருந்து நாளான சனிக்கிழமை வந்தது. அன்று மதியம் நான் பாய்லர் மேல் ஏறி வால்வு முடுக்கிக்கொண்டிருந்தேன். கீழே சத்தம் கேட்டது. செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இறங்கி வருவதற்குள் இன்னும் நாலைந்து பேர். கொட்டகைக்கு வெளியே வேலியோரமெல்லாம் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கன்னியம்மா மட்டும் உட்காரவில்லை. குப்புறக் கிடந்தாள். புரட்டினால் கண் செருகியிருந்தது, கை ஐஸ் மாதிரி இருந்தது.

ராகவன் ஓடி வந்தார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கார் எங்கே என்று கேட்டேன்.  கம்பெனியில் இருந்த இரண்டு கார்களும் சென்னைக்குப் போயிருந்தன. ஒன்று ஹோட்டல் சமையல்காரர்களை அழைத்துவர. இன்னொன்று விமான நிலையத்துக்கு, மார்செலுக்காகப் பம்பாயிலிருந்து வந்த சீஸ் கட்டியை எடுத்துவர.

சீஸ் கட்டி. அந்த வார்த்தையை அன்றைக்குப் பிறகு நான் எத்தனையோ தடவை எனக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

செங்கல் இறக்க வந்த டிராக்டர் ஒன்று நின்றது. டிரெய்லரில் சாக்கு விரித்து ரொம்ப முடியாதவர்களை ஏற்றினோம். கன்னியம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கு வேறு வண்டி பார்க்க ராகவன் ரோட்டுக்கு ஓடினார். கவரைப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வர வேண்டும் என்றார் கேட்கீப்பர். நான் இறங்கிப்போய்க் கத்தினேன், பினாங்குத் தமிழில், மலாயில், என்ன வாயில் வந்ததோ அதில். பாவம், அவர் கையில் என்ன இருக்கிறது. கூட்ஸ் வண்டி வந்தது, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. கன்னியம்மாவின் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். "தண்ணி" என்றாள். டிராக்டர்காரர் தூக்கில் வைத்திருந்த நீராகாரத்தைக் கொடுத்தார். அதுவும் வயிற்றில் தங்கவில்லை.

பொன்னேரியில் டாக்டர் ஒரு வினாடியும் வீணாக்கவில்லை. படுக்கை இல்லாதவர்களுக்குத் தரையில் பாய் விரித்து சலைன் ஏற்றினார்கள். கெட்டுப்போன சாப்பாடு, இவங்க இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருந்தா காப்பாத்த முடியாது என்று கன்னியம்மாவைக் காட்டிச் சொன்னார். பின்னால் விசாரித்தபோது தெரிந்தது: முந்தின நாள் சாம்பார் மீந்துபோக, அதையே அன்றைய அண்டாவில் ஊற்றிக் கொதிக்கவைக்காமல் பரிமாறியிருக்கிறார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் கன்னியம்மா கண் திறந்தாள். அவள் தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகு நான் புறப்பட்டேன்.

தொழிற்சாலைக்குத் திரும்பினால் புல்தரையில் வண்ண விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணி போட்ட மேஜைகள். சென்னையிலிருந்து வந்த பெரிய மனிதர்கள், அவர்கள் மனைவிமார். சேர்மன் என்னைப் பார்த்ததும், குளித்துவிட்டு வாருங்கள், சீனச் சமையலுக்கு நீங்கள்தான் நீதிபதி என்றார். என் சட்டை முழுக்க வாந்தி காய்ந்திருந்தது. கிளாஸ் எழுந்து வந்து, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சேர்மன் முந்திக்கொண்டு, கவலைப்பட ஒன்றுமில்லை, ரோட்டோரத்தில் கண்டதையும் தின்கிறவர்கள், வயிறு அப்படித்தான் இருக்கும் என்றார்.

 எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். "அவர்கள் ரோட்டில் சாப்பிடவில்லை, உங்கள் கேண்டீனில் சாப்பிட்டார்கள். அண்டாவில் இன்னும் மீதி இருக்கிறது. கொண்டுவரச் சொல்கிறேன். அதற்கும் ஓட்டுப் போடுங்கள்."

 ஒரு அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மார்செல் தட்டைப் பார்த்துக்கொண்டே, வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இது நம் வீடு இல்லையே என்றார். சொல்லிவிட்டு சீஸை வெட்டினார். கிளாஸ் மடியிலிருந்த துணியை எடுத்து மேஜையில் வைத்தார். என்னோடு நடந்து வந்துவிட்டார். நல்ல சாப்பாடு எது என்று ஒரு நாளும் வாய் திறக்காத மனிதர் அவர் ஒருவர்தான்.

நாங்கள் போனபின் ஓட்டெடுப்பு நடந்ததாம். பிரெஞ்சுச் சமையல் ஜெயித்ததாம்.

திங்கட்கிழமை காலை ஒருவரும் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பெண்கள் கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு படி அரிசி, கேழ்வரகு மாவு, கருவாடு. நல்ல சாப்பாடு போடும்வரை நாங்களே பொங்கித் தின்போம், வேலைக்கு வரமாட்டோம் என்று ராகவனிடம் சொல்லி அனுப்பினார்கள். ஆள் இல்லாமல் பாய்லரைப் பற்றவைக்க முடியாது. கிளாஸும் நானும் ரோட்டைத் தாண்டிப் போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டோம்.

அங்கே நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. தெலுங்கு பேசுகிற தடா பக்கத்துக்காரி வெங்கடம்மா, தமிழ்க்காரிகளுக்குப் புளி கரைக்கவே தெரியாது, புலுசு என்கிற புளிக்குழம்பு என்றால் எங்கள் ஊரில்தான் என்றாள். பழவேற்காட்டிலிருந்து வந்த ஒருவர், ஏரி இறாலைத் தின்னாதவன் எதையும் பற்றிப் பேசக் கூடாது என்றார். பொன்னேரி ஆட்கள் அரிசி எங்களுடையது, நீங்கள் எல்லாம் தொட்டுக்கொள்ளத்தான் என்றார்கள். விருந்து மேஜையில் நடந்ததைவிட மும்முரமான விவாதம். வேலை இல்லை, கூட்டாளிகள் ஆஸ்பத்திரியில், நாளைக்கு என்ன என்று தெரியாது, ஆனாலும் யாரும் ஒரு பிடி விட்டுக்கொடுக்கவில்லை. நான் பினாங்குக் கதையை எடுத்தேன். சேமியாக்காரர் என்று எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

அன்றுதான் என் கோபம் எதன் மேல் என்று எனக்கே தெளிவானது. பேச்சின் மேல் இல்லை. நாக்கு எல்லோருக்கும் இருக்கிறது, எல்லோருக்கும் பெருமையும் இருக்கிறது. இவர்களுக்கு நாக்கே கிடையாது, எதைப் போட்டாலும் தின்பார்கள் என்று ஒரு ஆள் முடிவு செய்துவிட்டு, அந்த முடிவின் மேல் உட்கார்ந்து விருந்து வைத்தானே, அதன் மேல்.

அடுப்பு அணையாமல் நாட்கள் போயின. போலீஸ் ஜீப் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனது. காண்டிராக்டரின் ஆட்கள் ஒரு நாள் அடுப்பை உதைத்தார்கள். பெண்கள் திரும்பவும் கூட்டினார்கள். சேர்மன் கிளாஸைக் கூப்பிட்டு, வெளியிலிருந்து ஆள் கொண்டுவருகிறேன், பாய்லரைப் பற்றவையுங்கள் என்றார். பழகிய ஆட்கள் இல்லாமல் பற்றவைக்க மாட்டேன், வெடித்தால் நான் பொறுப்பில்லை என்று கிளாஸ் சொல்லிவிட்டார். சரக்கு வாங்க வருகிறவர்கள் வரும் நாள் நெருங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் சேர்மன் இறங்கினார். மைத்துனரின் காண்டிராக்டு போனது. தூக்குச்சட்டி கேட்டில் அனுமதி. கேண்டீனுக்குப் புது ஆட்கள். ராகவன் ஒவ்வொன்றையும் கேட்டருகே நின்று உரக்கச் சொன்னார். அவர் குரல் அவ்வளவு பெரிது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கேண்டீனைத் திறந்துவைக்க சேர்மனே வந்தார். போட்டோ பிடிக்க ஒரு ஆளையும் கூட்டிவந்திருந்தார். முதல் தட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கன்னியம்மாவுக்குத் தம் கையால் கொடுப்பதாக ஏற்பாடு. கன்னியம்மா பாதியாக இளைத்திருந்தாள். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சோறு, கெட்டிச் சாம்பார், பொரியல், அப்பளம். சேர்மன் தட்டை நீட்டினார். போட்டோக்காரரின் விளக்கு மின்னியது.

அவள் தட்டை வாங்கி மேஜையில் வைத்தாள். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அதை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"நீங்க மொதல்ல துன்னுங்க சார்" என்றாள். "அப்பால நாங்க துன்றோம்."

சேர்மன் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. எங்களுக்குச் சாப்பாடு மாளிகையில் போட்டிருக்கிறது என்று ஆரம்பித்தார். "இன்னிக்கி மட்டும் இல்ல சார். தெனம் ஒர்த்தரு ஆபீஸ்லேர்ந்து வந்து மொத தட்டு துன்னணும். நாங்க பாத்துக்கினு இருப்போம்" என்றாள். குரலே எழும்பவில்லை அவளுக்கு. ஆனால் கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்டது. சேர்மன் ராகவனைப் பார்த்தார். ராகவன் ஒரு நாற்காலியை எடுத்து வந்து அவருக்குப் பின்னால் போட்டார்.

அவர் உட்கார்ந்தார். ஸ்பூன் கேட்டார், இல்லை என்றார்கள். கோட்டின் கையைச் சுருட்டிக்கொண்டு சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். பாதியில் எழப் பார்த்தார். கன்னியம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் மறுபடியும் உட்கார்ந்தார். கொட்டகை முழுக்க ஆட்கள் நின்றுகொண்டு ஒவ்வொரு கவளமும் உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். சாப்பாடு எப்படி இருந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை.